மகளிர் நிலப் படை: சீருடை தந்த அரசு பணிக்கொடையை ஏன் மறுத்தது?

கழனிவாசகி எழுதியது:

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பண்ணைகளில் உழைத்த இளம்பெண்களின் அமைப்பான மகளிர் நிலப் படையைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன். அந்தப் படை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, அரசின் சுவரொட்டியில் கவைக்கோலை ஏந்திச் சிரிக்கும் பெண்ணின் படம். அந்தப் பெண்கள் எந்த நிபந்தனையின்பேரில் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள், போர் முடியும் தறுவாயில் அவர்களுக்கு எது மறுக்கப்பட்டது என்ற இரண்டும் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைக் கடல்வழியே இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1917இல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது அந்த நாடு பட்ட அச்சத்தின் விளைவாகவே முதல் நிலப் படை தோன்றியது. சுமார் 23,000 பெண்கள் சேர்ந்த அந்தப் படை 1919இல் கலைக்கப்பட்டது. அந்த அனுபவத்தை மறக்காத அரசு, அடுத்த போர் தொடங்க மூன்று மாதங்கள் இருக்கும்போதே, 1939 ஜூன் 1 அன்று, படையை மீண்டும் அமைத்தது. அதற்குத் தலைமையேற்ற டென்மன் சீமாட்டி, கிராமப்புற மகளிர் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பை 1917 முதல் நடத்தி வந்தவர். சசெக்ஸ் மாவட்டத்தில் பால்கோம்ப் பிளேஸ் என்ற தமது மாளிகையையே தலைமையகமாகத் தந்தார். 1943 வாக்கில் உறுப்பினர் எண்ணிக்கை 80,000ஐத் தாண்டியது. 1950 நவம்பர் 30இல் கலைக்கப்படும் வரை அதில் பணியாற்றியவர்கள் மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல்.

பெயர் படை என்றிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது படையாக இருக்கவில்லை. ஆள் சேர்ப்பதும், சீருடை வழங்குவதும், எந்த ஊருக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதும், தங்குமிடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் அமைப்பின் பொறுப்பு. கூலி கொடுத்தவர், அதாவது முதலாளி, தனிப்பட்ட விவசாயியோ அந்த மாவட்டத்தின் போர்க்கால வேளாண்மைக் குழுவோதான். 1945இல் பணிக்கொடை போன்ற போருக்குப் பிந்தைய சலுகைகள் தீர்மானிக்கப்பட்டபோது, ஆயுதப் படைகளின் பெண்களுக்கும், விமானத் தாக்குதலின்போது பொதுமக்களைக் காத்த குடிமைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் கிடைத்தவை நிலப் படைக்கு மறுக்கப்பட்டன. அதை எதிர்த்து டென்மன் சீமாட்டி அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று தம் பதவியைத் துறந்தார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருப்பத்தோடு வந்தவர்கள் என்ற காரணத்தையே அவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பதற்கான காரணமாக அந்த அரசு பயன்படுத்திக்கொண்டது. அழைக்கும்போது நாட்டுக்கான சேவை என்றும், கணக்குத் தீர்க்கும்போது விவசாயியிடம் பார்த்த தனியார் வேலை என்றும் பேசியது நியாயமாகாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நல்ல பொருள், தோழி. எனக்கு அடிப்படையான ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் டெல்டாப் பகுதியில் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்யும் வேலைகள். அவர்களை எந்த அரசும் அழைத்ததில்லை. அவர்கள் வயலில் இறங்குவதைக் கண்டு யாரும் வியந்ததும் இல்லை. பிரிட்டனில் மட்டும் பெண்கள் வயலில் இறங்கியது அவ்வளவு பெரிய செய்தியானது ஏன்? அந்த நாட்டுக் கிராமத்துப் பெண்கள் அதற்கு முன் விவசாய வேலையே செய்யவில்லையா?

கழனிவாசகி எழுதியது:

செய்தார்கள், வெண்ணாற்றங்கரை. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கிலும் நார்தம்பர்லாந்திலும், பண்ணையாளோடு ஒரு பெண்ணும் வயல் வேலைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தெற்கு இங்கிலாந்தில்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வயலில் இறங்கி வேலை செய்வது பெண்ணுக்குத் தகாது என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்திலிருந்து கிராமங்களுக்கும் பரவி, பெண் கூலியாட்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆகவே 1939இல் தென்பகுதி விவசாயிகள் பலருக்குப் பெண்ணை முழுநேர வேலைக்கு வைப்பது பழக்கமில்லாத ஒன்றாகவே தோன்றியது. போர் தொடங்கிய வேளையில் ஏறத்தாழ 17,000 பெண்கள் பெயர் கொடுத்திருந்தும், அவர்களில் பெரும்பாலோரை வேலைக்கு எடுக்க விவசாயிகள் முன்வரவில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். நிலப் படையினரில் மூன்றில் ஒரு பங்கினர் லண்டனிலிருந்தும் வடக்கிலுள்ள தொழில் நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். முடி திருத்தும் கடையிலும், துணிக்கடையிலும், அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியின் முன்னும் வேலை பார்த்தவர்கள். நீங்கள் சொல்லும் டெல்டாப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுக்குள் கைக்கு வந்துவிடும் வேலையை, இவர்கள் நான்கு வாரப் பயிற்சியில் கற்க வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை; பலர் நேராகப் பண்ணைக்கே அனுப்பப்பட்டார்கள்.

பால் கறக்கப் பழக்கிய முறை எனக்கு மிகவும் பிடித்தமான செய்தி. மரச் சட்டத்தில் தண்ணீர் நிரப்பிய கித்தான் பையைத் தொங்கவிட்டு, அதில் ரப்பர் காம்புகளைப் பொருத்தியிருப்பார்கள். முக்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேற்பகுதியை முதலில் அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மடக்கி அழுத்தப் பழக வேண்டும். இழுத்தால் தண்ணீர் வராது. முதல் சில நாட்களில் மணிக்கட்டு வீங்கிப் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் போனதாகப் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். படையினரில் நான்கில் ஒரு பங்கினர் கறவை வேலையில்தான் இருந்தார்கள். மழையானாலும் பனியானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், விடியுமுன் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் மாடு கறந்தாக வேண்டும்.

எந்திரக்கலப்பை எழுதியது:

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பெண்கள் கையாண்ட எந்திரங்களைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். வேலையின் கடுமை தெரியாமல் கூலியைப் பற்றியோ பணிக்கொடையைப் பற்றியோ பேசினால் பேச்சு அந்தரத்தில் நிற்கும் என்பதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேய்ச்சல் நிலத்தை உழுது தானிய நிலமாக்கும் திட்டத்தை அரசு 1939 மே மாதத்திலேயே தொடங்கி, உழும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 2 பவுண்டு மானியம் கொடுத்தது. சாகுபடிப் பரப்பு ஐந்தாண்டுகளில் சுமார் 1.2 கோடி ஏக்கரிலிருந்து 1.8 கோடி ஏக்கர் அளவுக்கு உயர்ந்தது. தலைமுறைகளாகக் கலப்பை படாத புல்தரையை அவ்வளவு வேகமாகத் திருப்புவதற்குக் குதிரை போதவில்லை. ஃபோர்ட்சன் டிராக்டர்தான் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தது.

ஃபோர்ட்சனைக் கிளப்பும் முறையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் அபாயம் தெரியும். முதலில் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்ற வேண்டும். முன்புறமுள்ள கைப்பிடிக் கம்பியைச் சுழற்றும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் கட்டைவிரலை வளைத்துப் பிடித்திருந்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும் நொடியில் கட்டைவிரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும். குளிர்கால மாலைகளில் ரேடியேட்டரில் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் இரவில் அது உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மறுபடியும் நிரப்ப வேண்டும். கூரையில்லாத வண்டி, இரும்பு இருக்கை, பல வண்டிகளில் இரும்புச் சக்கரம். அதன் மேல் 19 வயதுப் பெண் நாள் முழுவதும் உட்கார்ந்து உழுதாள்.

கதிரடிப்பு அதைவிட மோசமான வேலை. கதிரடிக்கும் எந்திரம் பண்ணை பண்ணையாகச் சுற்றி வரும். கூடவே பெண்கள் கூட்டமும் வரும். எந்திரத்தின் அடியில் கொட்டும் கூளத்தையும் உமியையும் வாரி அப்புறப்படுத்தும் இடத்தில்தான் தூசி மிகுதி. அனுபவமுள்ள ஆண்கள் ஒதுங்கிக்கொண்ட அந்த இடம் பெரும்பாலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. வாற்கோதுமையாக இருந்தால் அதன் சுணை கழுத்துப்பட்டிக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் புகுந்து தோலை அறுத்துவிடும். நம்மூரில் சோளக்கதிர் அடித்தவர்களுக்கு அந்த அரிப்பு ஓரளவு விளங்கும். அடுக்கி வைத்த கதிர்ப்போர் அடியாழத்துக்கு வரும்போது எலிகள் சிதறி ஓடும் என்பதால், காற்சட்டையை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். எலி பிடிப்பதையே தொழிலாகக் கற்பிக்கப்பட்ட நிலப் படைப் பெண்கள் 1,000 பேருக்கும் மேல் இருந்தார்கள்.

சர்க்கரைக்காகப் பயிரிட்ட பீட் கிழங்கை நவம்பர், டிசம்பரில்தான் பறிப்பார்கள். கலப்பை மண்ணை இளக்கிச் சென்றதும், கைக்கு ஒன்றாக இரண்டு கிழங்கைப் பிடுங்கி, ஒன்றோடொன்று மோதி, ஒட்டியிருக்கும் களிமண்ணை உதிர்த்து, வரிசையாகப் போட்டுவிட்டு, பின்னர் கொக்கிக் கத்தியால் தலையையும் இலையையும் வெட்ட வேண்டும். உறைபனி படர்ந்த இலையைத் தொட்ட கையில் உணர்ச்சி இருக்காது. கத்தி விரலில் பட்டதுகூட இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும்.

தராசுமுள் எழுதியது:

எந்திரக்கலப்பை ஐயாவின் பதிவு வேலையைக் கண்முன் நிறுத்துகிறது. அந்த உழைப்பின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கழனிவாசகியின் முடிவோடு உடன்பட எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணங்கள் மூன்று.

முதலாவதாக, இவர்களைத் தன்னார்வலர்கள் என்று அழைப்பதே முழுப் பொருத்தமன்று. கூலி வாங்கினார்கள். 1941 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களை அரசு கட்டாயமாக அழைக்க முடிந்தது. ஆயுதப் படையின் மகளிர் பிரிவு, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை, விவசாயம் என்ற சிலவற்றில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்ததைத் தியாகம் என்று தனியாகப் பிரித்துப் பேச முடியுமா?

இரண்டாவதாக, வெடிமருந்துத் தொழிற்சாலையில் தோலும் முடியும் மஞ்சளாகும்படி ரசாயனத்தோடு வேலை செய்த பெண்களுக்கும் பணிக்கொடை கிடையாது. நிலப் படைக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்தால் சுரங்கத்திலும் சரக்குத் துறையிலும் உழைத்தவர்களும் கேட்பார்கள். எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்ற அரசின் நிலை கடுமையானதாக இருக்கலாம். காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது.

மூன்றாவதாக, படைவீரர் பணியை விட்டு ஓடினால் தண்டனை உண்டு. நிலப் படையில் பதவி வரிசையும் இல்லை, படைச் சட்டமும் இல்லை. கடமையின் பிடி வேறாக இருக்கும்போது அதற்கான கைம்மாறும் வேறாக இருப்பதில் முரண் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

கழனிவாசகி எழுதியது:

தராசுமுள் அவர்களின் இரண்டாவது வாதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அரசும் ஏறத்தாழ அதையேதான் சொன்னது. தொழிற்சாலைப் பெண்களுக்கும் நிலப் படைக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது என்று அஞ்சியவர்கள், குடிமைப் பாதுகாப்புப் பணியாளர்களைக் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டார்களே! அவர்களும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். வீட்டை விட்டு நாட்டின் எந்த மூலைக்கும் போகச் சம்மதித்து, சீருடை அணிந்து, போர் முடியும் வரை இருப்பதாக ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணை, மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பிய தொழிற்சாலைப் பெண்ணோடு மட்டுமே ஒப்பிட்டு, குடிமைப் பாதுகாப்புப் பணியாளரோடு ஒப்பிட மறுத்தது ஏன் என்பதுதான் என் கேள்வி. தொழிற்சாலைப் பெண்ணுக்கும் பணிக்கொடை கிடைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதையும் ஆதரிப்பேன்.

கூலி வாங்கினார்கள் என்கிறீர்கள். எவ்வளவு என்று பார்ப்போம். தொடக்கத்தில் 48 மணி நேர வாரத்துக்குக் குறைந்தபட்சம் 28 ஷில்லிங். அதில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் 14 ஷில்லிங் பிடித்தம். அதே பண்ணையில் அதே வேலையைச் செய்த ஆணுக்குச் சராசரியாக 38 ஷில்லிங். 1944இல்தான் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலி 48 ஷில்லிங்காக உயர்ந்தது, அதற்குள் ஆண்களின் கூலியும் உயர்ந்துவிட்டதால் இடைவெளி அப்படியே நின்றது. வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ விமானத் தொழிற்சாலையிலோ சேர்ந்திருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தவர்களைப் பார்த்து, நான்கில் ஒன்றைத் தேர்ந்தார்கள் அவ்வளவுதான் என்று சொல்வது அந்தத் தேர்வின் விலையை மறைப்பதாகும். சட்டம் வருவதற்கு முன்பே சேர்ந்த பல்லாயிரம் பேரையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். தண்டனைச் சட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் அரசு இவர்களைத் தன் கையில் உள்ள ஆட்படையாகவே நடத்தியது. 1943 ஆகஸ்டில் விமானத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதும் நிலப் படைக்கான ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. எந்தத் தனியார் முதலாளியின் வேலையை அரசு அப்படி ஓர் உத்தரவில் திறக்கவும் மூடவும் முடியும்? 1944இல் சுமார் 22,000 பெண்கள் 700 விடுதிகளில் தங்கியிருந்தார்கள். விடுதிக்கு ஒரு காப்பாளர், இரவு திரும்ப வேண்டிய நேரம், காலையில் வண்டியில் ஏற்றி வெவ்வேறு பண்ணைகளில் இறக்கிவிடும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. கட்டுப்பாடு வேண்டிய இடத்தில் படையாகவும், செலவு வரும் இடத்தில் தனியாராகவும் அவர்கள் பார்க்கப்பட்டார்கள்.

தென்கரை எழுதியது:

மற்ற நாடுகளில் வேறு ஏற்பாடு இருந்ததா என்று பார்த்தால் இந்த விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் முதல் உலகப் போரின்போது, 1917 கோடையில், நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் ஒரு முகாம் நடந்தது. பார்னார்டு கல்லூரியின் நிலவியல் பேராசிரியர் ஐடா ஓகில்வி அதை நடத்தினார். பெண்கள் முகாமில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்டு, காலையில் குழுக்களாகப் பண்ணைகளுக்குப் போய் மாலையில் முகாமுக்கே திரும்பினார்கள். பண்ணைக்காரர் ஒவ்வொரு பெண்ணோடும் தனித்தனியே பேரம் பேசவில்லை. முகாம்தான் விலையைச் சொன்னது: எட்டு மணி நேர வேலைக்கு 2 டாலர். இதை முன்மாதிரியாகக் கொண்டு உருவான அமெரிக்க மகளிர் நிலப் படையில் மாணவிகள், ஆசிரியைகள், தொழிற்சாலைப் பெண்கள் எனப் பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அமைப்பாளர்களில் பலர் பெண் வாக்குரிமை இயக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் வேலை நேரமும் கூலியும் அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே கொள்கைப் பிரச்சினையாக இருந்தன. அங்கும் அரசு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கொடுத்துவிடவில்லை. ஆனாலும் தனியொரு பெண் ஒரு விவசாயியின் வீட்டு மாடியறையில், கேட்பாரின்றி, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிடக்கும் நிலை அந்த முகாம்களில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் கதை பிரிட்டனுக்கு மிக நெருக்கமானது. 1942 ஜூலையில் அமைக்கப்பட்ட அவர்களது நிலப் படையை அதிகாரபூர்வமான சேவைப் பிரிவாக ஆக்குவது என்று 1943இல் முடிவெடுத்தார்கள். அதற்கான விதிகள் போர் முடியும் வரை இறுதி செய்யப்படவே இல்லை. 1945 டிசம்பர் 31இல் படை கலைந்தபோது, மற்றச் சேவைப் பிரிவுப் பெண்கள் பெற்ற சலுகைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாடுகளிலும் ஒரே விதமாக நடந்திருப்பதைப் பார்க்கும்போது, இதைக் கவனக்குறைவு என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை வேறு. 1941 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் கோடைக்காலப் பழப் பறிப்புக்குப் போனார்கள். நன்றாகப் படிப்பவர்கள் முன்கூட்டியே பண்ணைக்குப் போனால் ஆண்டிறுதித் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது. பருவகால வேலை என்பதால் நாம் பேசும் கேள்வி அங்கே அவ்வளவாக எழவில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தென்கரை சொன்ன மாடியறைச் செய்தி என்னை உறுத்துகிறது. விவசாயியின் வீட்டிலேயே தங்க வைக்கப்பட்ட பெண்கள் மோசமாக நடத்தப்பட்டால் யாரிடம் முறையிடுவார்கள்?

தென்கரை எழுதியது:

ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலப் படைக்கு ஒரு குழுவும், அதன் கீழ் ஊர்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். பிரதிநிதி அவ்வப்போது பண்ணைக்கு வந்து பெண்ணைத் தனியே சந்தித்துக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. குறை நியாயமானது என்று தோன்றினால் அந்தப் பெண்ணை வேறு பண்ணைக்கு மாற்றுவார்கள். மாற்றுவதற்கு மேல் செய்யும் அதிகாரம் பெரிதாக இல்லை. பிரதிநிதிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் பணியாற்றிய வசதியான வீட்டுப் பெண்கள். பல இடங்களில் அவர்கள் பழகிய வட்டமும் பண்ணை உரிமையாளரின் வட்டமும் ஒன்றே. மனசாட்சியோடு உழைத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். இருந்தாலும் நகரத்திலிருந்து வந்த 18 வயதுத் தொழிலாளர் வீட்டுப் பெண், தேநீர் விருந்தில் விவசாயியின் மனைவியோடு சேர்ந்து அமரும் அதே அம்மையாரிடம் பசி என்று சொல்வது எளிதாக இருந்திருக்காது.

தராசுமுள் எழுதியது:

கழனிவாசகியின் பதிலைப் படித்தேன். குடிமைப் பாதுகாப்புப் பணியாளர்களைப் பற்றிய வாதம் வலுவானது. கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதில் நியாயமில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தென்கரையின் பதிவு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. இந்த அமைப்பை நடத்தியவர்கள் தொண்டு மனப்பான்மையில் வளர்ந்தவர்கள். நலம் விசாரிப்பது, கையால் பின்னிய காலுறை அனுப்புவது, இதழ் நடத்துவது, நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்குக் கைப்பட்டை வழங்குவது ஆகியவற்றை அவர்கள் திறமையாகச் செய்தார்கள். சட்டபூர்வமான உரிமையை எழுத்தில் வாங்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு. டென்மன் சீமாட்டி 1939இலேயே உறுப்பினர்களின் சட்ட நிலையைத் தெளிவாக்கும்படி வற்புறுத்தியிருந்தால் 1945இல் பதவி விலக வேண்டியிருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பொறுப்பில் ஒரு பங்கை அங்கேயும் வைக்க வேண்டும்.

எந்திரக்கலப்பை எழுதியது:

தராசுமுள் அவர்களே, 1939இல் பெரும்பாலான விவசாயிகள் பெண்களை எடுக்கவே தயாராக இல்லாத நிலையில், அவர்களை முழு அரசு ஊழியர்களாக்கு என்று கேட்டிருந்தால் திட்டமே தொடங்கியிருக்காது. அன்றைய நிதித்துறை அதற்கு இசைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டென்மன் சீமாட்டி முதலில் வேலையைச் செய்துகாட்டி, பிறகு அதன் மதிப்பைக் கேட்கலாம் என்று நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையைத் தவறு என்று சொல்வதைவிட, அதை ஏமாற்றியவர்களைக் கேள்வி கேட்பதே முறை.

இங்கே மரம் வெட்டும் பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதை அறிந்ததே இல்லை. நார்வேயும் பால்டிக் கரையும் எதிரியின் கைக்குப் போனதும் நிலக்கரிச் சுரங்கங்களில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளுக்குப் பஞ்சம் வந்தது. கட்டை இல்லையென்றால் சுரங்கம் இல்லை. நிலக்கரி இல்லையென்றால் ரயிலும் தொழிற்சாலையும் இல்லை. 1942இல் மகளிர் மரப் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் கொண்டு மரம் சாய்த்தார்கள். குதிரை பூட்டிக் கட்டைகளை இழுத்தார்கள். நிற்கும் மரத்தைப் பார்த்தே எத்தனை கன அடி தேறும் என்று கணக்கிடும் அளவர்களாகவும் சிலர் தேர்ந்தார்கள். அந்தக் கணக்கிடும் வேலைக்கு எவ்வளவு கூர்மை வேண்டும் என்பது வனத்துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் அருகே அவர்களுக்கு ஒரு வெண்கலச் சிலை 2007இல்தான் வைக்கப்பட்டது.

கழனிவாசகி எழுதியது:

எந்திரக்கலப்பை ஐயாவின் கருத்தே என் கருத்தும். 1945க்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிட்டால் தராசுமுள் அவர்களின் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் விடை கிடைக்கும்.

பதவி விலகலால் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அரசு சில சலுகைகளை அளித்தது. நிலப் படையின் நல நிதிக்கு 1,50,000 பவுண்டு கொடுத்தது. விலகும் பெண்கள் காலணியை வைத்துக்கொள்ளலாம். மேலங்கியையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கருநீலச் சாயம் ஏற்ற வேண்டும். மற்றச் சீருடைகளைத் திருப்பித் தர வேண்டும். ஐந்து குளிர்காலங்கள் அணிந்து உழைத்த மேலங்கியின் நிறத்தைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் அவர்களது உழைப்பு மட்டும் தொடர்ந்து தேவைப்பட்டது. ஆண்கள் படையிலிருந்து மெதுவாகத்தான் திரும்பினார்கள்; பண்ணைகளில் வேலை செய்த இத்தாலிய, ஜெர்மானியப் போர்க்கைதிகள் ஒவ்வொரு கட்டமாக ஊர் திரும்பினார்கள். போரின்போதுகூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, 1946 முதல் 1948 வரை பங்கீட்டில் இருந்தது. ஆகவே பணிக்கொடை தர மறுத்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அரசு இந்தப் படையை வைத்திருந்தது. 1950 அக்டோபரில் லண்டனில் நடந்த பிரியாவிடை அணிவகுப்பில் அரசியார் அவர்களைச் சந்தித்தார். அடுத்த மாதம் படை கலைந்தது.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 2007 டிசம்பரில்தான் அரசு ஓர் அடையாளச் சின்னம் வழங்குவதாக அறிவித்தது. 2008 ஜூலையில் சின்னங்கள் வழங்கத் தொடங்கின. பிரதமரின் கையொப்பமிட்ட சான்றிதழும் சேர்ந்து வந்தது. பணம் ஏதும் இல்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அறிவிப்பு வந்த நாளில் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டுமே சின்னம் என்று விதி வகுத்துவிட்டார்கள். அதற்கு முன் இறந்துபோனவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது. 1939இல் 20 வயதில் சேர்ந்த பெண்ணுக்கு 2007இல் 88 வயது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தாமதம் செய்தது அரசு. அந்தத் தாமதத்தில் இறந்தவர்களை விலக்கியதும் அதே அரசு. அந்த விதியை மாற்றி, அம்மாவின் பெயரில் சின்னம் கேட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தராசுமுள் அவர்களே, இந்த இடத்தில் கோடு கிழித்தே ஆக வேண்டிய அவசியம் எதுவும் இருந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறதா?

தராசுமுள் எழுதியது:

இல்லை, கழனிவாசகி. பணிக்கொடை விஷயத்தில் செலவும் முன்னுதாரணமும் காரணங்களாக இருந்தன. சின்னத்துக்கு அந்த இரண்டும் பொருந்தாது. நிலப் படையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு உறுப்பினர் பதிவு அட்டைகள் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பித்த பிள்ளைகளின் தாயார் உண்மையிலேயே பணியாற்றினாரா என்று சரிபார்ப்பதும் கடினமாக இருந்திருக்காது. அந்தத் தேதி விதியை ஆதரிக்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை.